காகித ஆளும் முக்கால் அங்குலமும்

என் மனைவிக்குக் காகிதம் வெட்டுகிற வேலை. இப்படிச் சொன்னால் கேட்பவர்கள் உடனே "ஓ, பிரஸ்ஸா?" என்பார்கள். இல்லை, சீருடை தைக்கிற கம்பெனி. துணியில் கத்தரி வைப்பதற்கு முன்னால் முன் துண்டு, பின் துண்டு, கை, காலர் என்று எல்லாவற்றையும் காக்கிக் காகிதத்தில் தனித்தனியாக வெட்டிக்கொள்வார்கள். அந்தக் காகிதத்தைத் துணிமேல் வைத்துக் கோடு போட்டு, துணியை வெட்டி, தைத்து, பித்தான் கட்டி, தேய்த்து அனுப்புவார்கள். யாரோ ஒருவர் அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவார். காகிதம் மட்டும் திரும்பிப் போய்ச் சுவரில் ஆணியில் தொங்கும். இருபத்துநான்கு வருஷமாக அவள் வெட்டிய காகிதங்கள் அப்படித்தான் தொங்குகின்றன.

"சட்டை நல்லா இருந்தா டெய்லருக்குப் பேரு. நல்லா இல்லேன்னா துணிமேல பழி. பேப்பர யாரு பாக்கறா?" என்று எப்போதாவது சொல்வாள். கோபமாகச் சொல்ல மாட்டாள், வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொல்வாள். நான் பேப்பர் படித்துக்கொண்டே "ம்" என்பேன்.

கம்பெனியில் அவளுக்கு அளவக்கா என்று பெயர். வாசலில் ஓர் ஆள் வந்து நின்றால் நீங்களும் நானும் முகத்தைப் பார்ப்போம். அவள் அந்த ஆளை முன் துண்டு, பின் துண்டு, இரண்டு கை என்று பார்ப்பாள். டேப் எடுப்பதெல்லாம் சும்மா ஒரு மரியாதைக்கு. ஆனால் யாருடைய அளவையும் அவர்கள் முகத்துக்கு நேராகச் சொல்ல மாட்டாள். "என் இடுப்பு எவ்வளவுக்கா?" என்று யாராவது வயிற்றை எக்கிக்கொண்டு கேட்டால், "அது சட்டைக்குத் தெரிஞ்சா போதும்" என்று சொல்லிவிட்டுக் குறித்துக்கொள்வாள்.

எனக்கு இந்தப் பழக்கம் பிடிக்காது. அளவு என்றால் வெளியே சொல்லத்தான். நான் முப்பது வருஷம் எடை அளவு ஆய்வாளராக இருந்தவன். கடை கடையாகப் போய்த் தராசைச் சோதித்து, சரியாக இருந்தால் முத்திரை வைப்பதும், இல்லையென்றால் பறிமுதல் செய்வதும் என் உத்தியோகம். இருபது கிலோ அசல் எடைக்கற்கள் உள்ள பெட்டியை இடது கையில் தூக்கிக்கொண்டு, வலது கையில் ரெஜிஸ்தரோடு நான் தெருமுனையில் திரும்பினால் பாதிக் கடைகளில் ஷட்டர் இறங்கும். கடைக்காரர்கள் எனக்கு வைத்த பெயர் முள். தராசின் நடுவில் அசையாமல் நிற்குமே, அந்த முள். கிண்டலுக்கு வைத்ததுதான். நான் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டேன். ஒருநாள்கூட நான் வளைந்ததில்லை, யாருக்கும் வளைந்து கொடுத்ததுமில்லை என்று போன இடமெல்லாம் சொல்லிக்கொள்வேன்.

ஒரே ஒரு மளிகைக்காரர்தான் என்னிடம் எதிர்த்துப் பேசினார். "சார், தராசு நேராத்தான் இருக்கு. நீங்கதான் ஒரு பக்கமா நின்னு பாக்கறீங்க" என்றார். அந்த வார்த்தைக்காகவே தராசைப் பறிமுதல் செய்தேன். மறுநாள் என் மேலதிகாரி அதைச் சோதித்துச் சரியாக இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்தார். மேலதிகாரி கை நீட்டி லஞ்சம் வாங்கிவிட்டார் என்று முடிவு கட்டி, அவரோடு நான்கு வருஷம் பேசாமல் இருந்தேன்.

இப்படிப்பட்ட நான் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தபோதுதான் அந்தக் காகித ஆள் வந்து சேர்ந்தான்.

ஆரம்பித்து வைத்தது ஒரு டாக்டரம்மா. எலும்பு, மூட்டு, முதுகுவலிக்காரர்களுக்கு உடற்பயிற்சி சொல்லித்தரும் மருத்துவமனையின் தலைமை அவர். அவர்களுடைய வெள்ளைக் கோட்டுகளைக் கம்பெனி தைத்துக் கொடுத்திருந்தது. கோட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு நேராகக் கம்பெனிக்கே வந்துவிட்டார்.

"எனக்கு ஒரு இடுப்பு கொஞ்சம் மேல. இது எனக்கும் என் எக்ஸ்ரேவுக்கும்தான் தெரியும். இந்தக் கோட்டுக்கு யாரு சொன்னது?" என்று கேட்டார்.

எல்லாரும் வெட்டு மேசையைப் பார்த்தார்கள். அங்கே அளவக்கா தலையைக் குனிந்துகொண்டு சாக் கட்டியைத் தேடிக்கொண்டிருந்தாள், சாக் கட்டி அவள் கையிலேயே இருந்தது.

டாக்டரம்மாவுக்குத் தேவை ஒரு பெரிய மனித உருவம். மனிதர்கள் எப்படி நிற்கிறார்கள் என்பதை மக்களுக்குக் காட்ட மருத்துவமனையில் ஒரு கண்காட்சி. கூடத்தின் நடுவில் ஆளைவிட இரண்டரை மடங்கு பெரிய உருவம் நிற்க வேண்டும். முழுக்கக் காகிதம்தான். கம்பி கூடாது, கட்டை கூடாது, குழந்தைகள் வந்து தொட்டுப் பார்ப்பார்கள். கயிறு கட்டாமல், சுவரில் சாயாமல், தன் காலில் தானே நிற்க வேண்டும். அடுத்த சனிக்கிழமை காலை வந்து பார்ப்பார். நின்றால் இதுதான். நிற்கவில்லையென்றால் ரெடியாக ஒரு பிளாஸ்டிக் பொம்மை இருக்கிறது, அதை வரவழைத்துவிடுவார்.

"ஹீரோ எல்லாம் வேண்டாம்மா. சாதாரண ஆள் ஒருத்தர நிக்க வெச்சு, அவர் அளவுலயே செய்ங்க" என்றார்.

அன்று சாயங்காலம் என் மனைவி வீட்டுக்கு வந்தபோது செருப்பைக் கழற்ற மறந்து சமையலறை வரைக்கும் போய்விட்டாள். "காகிதத்துலயே செய்யணுமாங்க. அதுக்கு மேல துணி போட மாட்டாங்களாம். பேப்பர்தான் நிக்கும், பேப்பரைத்தான் பாப்பாங்க" என்று மூன்று தடவை சொன்னாள். கல்யாணமாகி இருபத்தொன்பது வருஷத்தில் அவள் எதற்கும் இவ்வளவு ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. எனக்கே கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

"யார் அளவு எடுக்கப் போற?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு எழுந்து நின்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "கம்பெனி வாட்ச்மேன் இருக்காரு..." என்று இழுத்தாள்.

"வாட்ச்மேனா? அந்தாளு நாற்காலிலயே பொறந்தவன் மாதிரி இருப்பான். அவன் நின்னு யாராவது பாத்திருக்கீங்களா?"

"டாக்டரம்மாவோட டிரைவர்..."

"ஏன், வீட்ல முள்ளு மாதிரி ஒரு ஆள் நிக்கறேன், தெரியலையா?"

அவள் தங்கை, அதாவது என் மச்சினி, அப்போது அடுப்படியில் டீ குடித்துக்கொண்டிருந்தாள். அதே கம்பெனியில் தையல்காரி. எங்கள் வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறாள், ஆனால் டீ குடிப்பது மட்டும் கீழே. நான் சொன்னதைக் கேட்டதும் அவளுக்குப் புரையேறியது. என் மனைவி தங்கையின் முதுகில் தட்டினாள். தட்டியது புரைக்காகத்தான் என்று அப்போது நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கூடத்தில் பனியனோடும் அரைக்கால் சட்டையோடும் என்னை நிறுத்தினார்கள். என் மனைவி ஜன்னலை எல்லாம் சாத்தினாள். தரையில் காகிதம் விரித்து அதன்மேல் நான் நிற்க, பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் வரைந்தாள். பிறகு என்னைச் சுவரில் ஒட்டிய காகிதத்தின் முன்னால் நிறுத்தி, கணுக்காலிலிருந்து இடுப்பு வரை இரண்டு பக்கமும் கோடு இழுத்தாள். பாதமும் காலும் இடுப்பும் அப்படியே வரைபடமாகிவிட்டன. இடுப்புக்கு மேலே டேப் வைத்து அளந்தாள். மொத்தம் நாற்பத்தொரு அளவு. ஒவ்வொன்றையும் நோட்டில் கையால் மறைத்துக்கொண்டு எழுதினாள்.

"நேரா நில்லுங்க."

"நேராத்தான் நிக்கறேன்."

"சரி, அப்படியே இருங்க" என்று அவள் சொன்னாள். மச்சினி ஓடிப்போய் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பனியனோடு நிற்கிற மாமாவைப் பார்த்துக் கூச்சப்படுகிறாள், நல்ல வளர்ப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அளவெடுத்து முடிந்ததும் இரண்டரையால் பெருக்குகிற வேலையை நானாகவே எடுத்துக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை. "நானே போட்டுக்கறேங்க" என்றுகூடச் சொன்னாள். கணக்கு என்று ஒன்று வீட்டில் நடக்கும்போது நான் சும்மா உட்கார்ந்திருப்பதா? பெரிய அட்டை ஒன்றில் கட்டம் போட்டேன். அவள் நோட்டைப் பார்த்து அளவைச் சொல்ல, நான் பெருக்கி எழுதினேன். என் உயரம் ஐந்தரை அடி, காகித ஆள் பதின்மூன்று அடி ஒன்பது அங்குலம். வலது தோள் அளவு சொன்னாள். இடது தோளுக்கு வந்ததும் கொஞ்சம் நின்று, இருமிவிட்டு, "அதே" என்றாள். நானும் மேலே எழுதியதையே கீழேயும் எழுதினேன்.

கம்பெனிக்குப் பின்னால் துணிக்கட்டுகள் வைக்கிற கிடங்கு ஒன்று காலியாக இருந்தது. உயரமான தகரக்கூரை. கம்பெனி அனுமதியோடு மூன்று தையல்காரிகளும் மச்சினியும் அங்கே வந்தார்கள். துணி சுற்றி வரும் அட்டைக் குழாய்கள்தான் எலும்பு. தொடைக்கு மூன்று குழாயைச் சேர்த்துக் காகித நாடாவால் இறுக்கிக் கட்டினார்கள். அதன்மேல் காக்கிக் காகிதத்தில் வெட்டிய துண்டுகளை மைதாப் பசை போட்டு ஒட்டி, அயர்ன் பாக்ஸால் காய வைத்தார்கள். ஒவ்வொரு துண்டையும் என் மனைவி சட்டைக்கு வெட்டுவது போலவேதான் வெட்டினாள். ஓரத்தில் மடிப்புக்கு இடம் விட்டு, வளைவு வருகிற இடத்தில் கொசுவம் பிடித்து ஒட்டினாள். தோளில் இரண்டு கொசுவம், முழங்காலில் நான்கு, வயிற்றுக்குப் பதினொன்று.

"வயித்துக்கு எதுக்கு இத்தனை?" என்று கேட்டேன்.

"அங்கதான் வேலை ஜாஸ்தி மாமா" என்றாள் மச்சினி.

வலது கையை மட்டும் வீட்டுக் கூடத்தில் வைத்துச் செய்தார்கள், கிடங்கில் இடம் போதவில்லை. முடிந்ததும் அதைத் தெரு வழியாக நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். ஏழடி நீளக் கை. விரல்கள் எனக்கு முன்னால் நீட்டிக்கொண்டு போயின. டீக்கடைக்காரர் வெளியே வந்து அந்தக் கட்டைவிரலைப் பிடித்துக் குலுக்கினார். "யார் சார் இது?" என்றார். "நான்தான்" என்றேன். அந்த வாரம் முழுவதும் தெருவில் எல்லாரிடமும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை பின்னேரம் கண்காட்சி திறக்கிறார்கள், நான் பதினான்கு அடிக்கு நிற்பேன், வந்து பாருங்கள் என்று மளிகைக்காரரைக்கூடக் கூப்பிட்டேன். ஆமாம், அந்த மளிகைக்காரரைத்தான்.

வியாழக்கிழமை மத்தியானம் ஆளை நிமிர்த்தினோம். நான்கு பக்கமும் கயிறு பிடித்துத் தூக்கி, பாதத்தைத் தரையில் பொருத்தி, கயிற்றை மெதுவாக விட்டோம். நின்றான். நான் என்னை அண்ணாந்து பார்த்தேன். நெற்றி கூரைக்குக் கொஞ்சம் கீழே இருந்தது. என் காது இவ்வளவு பெரிதா என்று யோசிப்பதற்குள் அவன் வலது பக்கமாகச் சாய ஆரம்பித்தான். அவசரமே படாமல், பஸ்ஸில் தூங்கி விழுகிறவர் பக்கத்து ஆள் தோளில் சாய்வது போலச் சாய்ந்தான். பக்கத்து ஆள் நான்தான்.

காகிதம் என்பதால் அடிபடவில்லை. அவன் வயிற்றுக்கு அடியிலிருந்து என்னை இழுத்து வெளியே எடுத்ததும் நான் சொன்ன முதல் வார்த்தை, "தரை சரியில்ல."

வீட்டுக்குப் போய் ரசமட்டம் எடுத்து வந்தேன். தரை வலது பக்கம் ஒரு நூல் இறங்கித்தான் இருந்தது. அட்டை வைத்து மட்டம் செய்தோம். தூக்கினோம். வலது பக்கமே விழுந்தான்.

"காத்து" என்றேன். மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, ஐந்து பெண்களும் வியர்த்துக் கொட்ட மறுபடி தூக்கினோம். இந்தத் தடவை கயிற்றை விடுவதற்கு முன்பே வலது பக்கம் இழுத்தான். நான் பசையைக் குறை சொன்னேன், குழாயைக் குறை சொன்னேன், கயிறு பிடித்தவர்களைக் குறை சொன்னேன். என் பெருக்கல் அட்டையை மூன்று தடவை சரிபார்த்தேன். ஒரு புள்ளிகூடத் தப்பில்லை.

கடைசியில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஆள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "நீதான் எங்கயோ அளவ தப்பா எடுத்திருக்க" என்றேன்.

கயிறு பிடித்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். இருபத்துநான்கு வருஷத்தில் அளவக்காவிடம் அந்த வார்த்தையை யாரும் சொன்னதில்லை. அவள் சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்தேன். உண்மையைச் சொன்னால், சண்டை போட ஆசையாகவே இருந்தது.

"ஆமாங்க. என் தப்புதான்" என்றாள்.

"அக்கா!" என்றாள் மச்சினி.

"நீ சும்மா இரு."

"சும்மா இருக்கவா? ஒரு வாரமா தூங்காம கெடந்து, இப்ப... அக்கா, நீ வாயத் தொறக்கறியா, நான் தொறக்கட்டுமா?"

"ஒண்ணும் வேண்டாம். டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணி பிளாஸ்டிக் பொம்மையே வரவழைச்சுக்கச் சொல்லிடலாம்." சொல்லிவிட்டுக் கீழே கிடந்த காகிதத் துணுக்குகளைப் பொறுக்க ஆரம்பித்தாள். பொறுக்கிய துணுக்கையே மறுபடி கீழே போட்டுவிட்டு மறுபடி பொறுக்கினாள்.

எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. அவளுக்கு இது எவ்வளவு பெரிய ஆசை என்று எனக்குத் தெரியும். கையில் ஒரு நாள் மிச்சம் இருக்கிறது. தப்பு எங்கே என்று தேடாமல் ஏன் விடுகிறாள்? நாமே கண்டுபிடித்துக் கையும் களவுமாகக் காட்டிவிடுவது என்று வீட்டுக்கு நடந்தேன். என் சட்டைகளுக்கு அவள் வெட்டி வைத்திருக்கிற காகிதங்கள் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். என் அசல் அளவு அதில் இருக்கும். அதையும் அட்டையையும் ஒப்பிட்டால் போதும்.

இருபத்தொன்பது வருஷமாக அந்தக் கதவை நான் திறந்து மூடியிருக்கிறேன். அந்தக் கட்டை ஒரு தடவைகூடக் கையில் எடுத்ததில்லை.

மேலே இருந்தது முன் துண்டு. இடது தோளின் ஓரத்தில் அவளுடைய குட்டிக் குட்டி எழுத்தில் ஒரு பட்டியல். கல்யாணமான வருஷம்: கால் அங்குலம் இறக்கம். அதற்கு ஏழெட்டு வருஷம் கழித்து: அரை. எனக்குப் பதவி உயர்வு வந்து, பெட்டியில் இன்னும் ஐந்து கிலோ ஏறிய வருஷம்: அரைக்கால் கூட. கடைசியாக: முக்கால். அதற்குக் கீழே, தைக்கிறவளுக்கான குறிப்பு. 'இடது தோளுக்கு உள்ளே முக்கால் அங்குலம் பஞ்சு பேட். வெளியே தெரியக் கூடாது. மாமாவிடம் சொல்ல வேண்டாம்.'

சொல்ல வேண்டாம் என்பதன் கீழே இரண்டு கோடு.

நான் கதவைச் சாத்திவிட்டுச் சட்டையைக் கழற்றினேன். நிலைக்கண்ணாடியின் மேல்விளிம்பில் ஒரு நூலைக் கட்டி, அதன் நுனியில் ஒரு பூட்டைத் தொங்கவிட்டு, எதிரே நின்றேன். முப்பது வருஷம் ஊராருடைய தராசுக்குப் பார்த்ததை எனக்குப் பார்த்தேன். இடுப்பு நூலுக்கு வலது பக்கம் தள்ளி நின்றது. மேல் உடம்பு இடது பக்கம் சாய்ந்திருந்தது. இடது தோள் இறங்கி, என்னவோ அந்தப் பெட்டியை இன்னமும் தூக்கிக்கொண்டிருப்பது போலத் தொங்கியது. நிமிர்ந்து பார்த்தேன். நிமிர்ந்து நின்றாலும் அப்படியேதான் இருந்தது. எனக்கு முதலில் மளிகைக்காரர் ஞாபகமும், அப்புறம் நான்கு வருஷம் முகம் கொடுத்துப் பேசாத மேலதிகாரி ஞாபகமும் வந்தன. படுக்கையில் உட்கார்ந்துவிட்டேன். ரொம்ப அவமானமாக இருந்தது, கூடவே ரொம்பச் சிரிப்பும் வந்தது. எது வந்தாலும் பனியனோடு தனியாக இருந்தது நல்லதாகப் போயிற்று.

பிறகுதான் மெல்ல மெல்ல விஷயம் விளங்கியது. காலையும் இடுப்பையும் என்னை நிறுத்தி வரைந்தாள், அதனால் அவை என்னுடையவை. மேலே இருப்பது அந்த "அதே". சாய்ந்த இடுப்பின்மேல் சாயாத உடம்பை வைத்தால் எப்படி நிற்கும்? நோட்டில் சரியாகத்தான் எழுதியிருப்பாள். நான் மட்டும் பென்சிலோடு கணக்குப் போட உட்காராமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரியாமல் சரியாகவே வெட்டியிருப்பாள். என் காதில் விழக் கூடாது என்று ஓர் அளவை மாற்றிச் சொல்லி, தன் வேலையைத் தானே கெடுத்துக்கொண்டு, தப்பு தன்னுடையது என்று ஐந்து பேர் முன்னால் ஒத்துக்கொண்டும் விட்டாள்.

காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு கிடங்குக்குப் போனேன். அவள் தரையில் உட்கார்ந்து, விழுந்து கிடந்தவனுடைய நசுங்கிய விரலை நீவிக்கொண்டிருந்தாள். கட்டைப் பார்த்ததும் எழுந்தாள்.

"போன் பண்ணிட்டியா?" என்று கேட்டேன்.

"இன்னும் இல்லங்க."

"பண்ணாத. மேல் பாதிய அறுத்துப் போட்டுட்டு மறுபடி வெட்டு. இருக்கற மாதிரி வெட்டு."

அவள் என் முகத்தைப் பார்க்காமல் தோளைப் பார்த்தாள். "கோவமா?"

"கோவம் இல்லாம என்ன? கம்பெனி முழுக்கத் தெரியுமா?"

"தையல் செக்‌ஷனுக்கு மட்டும்தான் மாமா. பட்டன் கட்டறவங்களுக்குத் தெரியாது" என்றாள் மச்சினி, ஆறுதலாக.

"இருபத்தொம்பது வருஷத்துல ஒரு தடவ சொல்லக் கூடாதா?" என்று என் மனைவியைக் கேட்டேன்.

"கல்யாணமாகி மொத மாசம் ஒரு சட்ட வெட்டிக் கொடுத்தேன். போட்டுட்டுக் கண்ணாடி முன்னாடி நின்னு, 'பாத்தியா, முள்ளு மாதிரி நிக்கறேன்'னீங்க. அவ்வளவு சந்தோஷம் ஒங்க மூஞ்சில. அதுல போய் நான் என்னன்னு சொல்றது?" என்றாள். அப்புறம் மெதுவாக, "சட்டைக்குத் தெரிஞ்சா போதும்னு விட்டுட்டேன்."

 நான் பென்சிலை எடுத்து, அட்டையில் இடது தோள் கட்டத்தை அடித்தேன். முக்காலை இரண்டரையால் பெருக்கினால் ஒன்றே முக்காலே அரைக்கால் அங்குலம். எழுதினேன். பிறகு பென்சிலை அவளிடமே கொடுத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பகல் முழுவதும் வெட்டி ஒட்டினார்கள். நான் மூலையில் நாற்காலியில் உட்கார்ந்து வாயே திறக்கவில்லை. மச்சினி இரண்டு தடவை வந்து எனக்குக் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சாயங்காலம் நான்கு மணிக்குத் தூக்கினோம். கயிற்றை விட்டோம். நின்றான். மின்விசிறியைப் போட்டோம், நின்றான். மச்சினி முழங்காலில் ஒரு தட்டு தட்டினாள், லேசாக ஆடிவிட்டு நின்றான். இடுப்பு ஒரு பக்கம், தோள் ஒரு பக்கம், ஏழடிக் கை ஒன்று கொஞ்சம் கீழே தொங்க, எதையோ தூக்கி நடந்து வந்து இப்போதுதான் கீழே வைத்தவன் மாதிரி நின்றான். என் மனைவி கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். கழுத்து வலிக்கும் என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை.

மறுநாள் காலை டாக்டரம்மா அவனை இரண்டு தடவை சுற்றி வந்தார். "யாரோ ரொம்ப வருஷமா இடது கையில பாரம் தூக்கியிருக்காங்க" என்றார். யார் என்று நான் சொன்னேன். "அருமை சார்!" என்றார். என் வாழ்க்கையில் என் உடம்பை யாராவது அருமை என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

பின்னேரம் கண்காட்சி திறந்தது. இடுப்பில் பிரித்து, லாரியில் கொண்டுபோய், கூடத்தின் நடுவில் மறுபடி சேர்த்து நிறுத்தியிருந்தோம். முழுத் தெருவும் வந்திருந்தது. நான் புதுச் சட்டையில், தலையைப் படிய வாரிக்கொண்டு போயிருந்தேன். டாக்டரம்மா ஒரு நீளக் குச்சியால் தோளையும் இடுப்பையும் காட்டி விளக்கிவிட்டு, "இது கற்பனை உருவம் இல்ல. அளவு கொடுத்தவர் இதோ நிக்கறார். செஞ்சவங்க அந்த அம்மா" என்றார்.

எல்லாரும் காகித ஆளைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள்.

"இவரா? இவரு நேரால்ல நிக்கறாரு" என்றது ஒரு குரல்.

"காகிதம்ல, கொஞ்சம் கோணிப் போச்சு போல. பாவம், என்ன செய்வாங்க" என்றார் டீக்கடைக்காரர்.

"அளவு சரியா எடுக்கல" என்றார் இன்னொருவர்.

கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்த என் மனைவி சிரித்த முகமாகவே இருந்தாள். ஆனால் கை மட்டும் முந்தானை நுனியைச் சுருட்டிச் சுருட்டி விட்டுக்கொண்டிருந்தது. இருபத்துநான்கு வருஷம் கழித்து முதல் தடவையாக நாலு பேர் அவள் காகிதத்தைப் பார்க்கிறார்கள், பார்த்துவிட்டுக் கோணல் என்கிறார்கள். அதற்குக் காரணம் அவளே வெட்டிய இன்னொரு காகிதம், என் முதுகில் சட்டையாக நின்றுகொண்டிருந்தது.

நான் முதல் பித்தானைக் கழற்றினேன்.

"என்னங்க பண்றீங்க?" என்று அவள் பதறி முன்னால் வந்தாள்.

"பிடி" என்று சட்டையைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டு, பனியனோடு போய்க் காகித ஆளின் முழங்காலுக்குப் பக்கத்தில் நின்றேன். எக்கவில்லை, நிமிரவில்லை. முந்நூறு பேர் முன்னால், எனக்கு எப்படி நிற்க வருமோ அப்படி நின்றேன்.

 ஜனங்கள் என் தோளைப் பார்த்தார்கள், மேலே அவன் தோளைப் பார்த்தார்கள், திரும்ப என் இடுப்பைப் பார்த்தார்கள். அச்சு அசல். "அடேயப்பா" என்றார் டீக்கடைக்காரர். பிறகு எல்லாருடைய தலையும் ஒவ்வொன்றாக, என் சட்டையை மார்போடு பிடித்துக்கொண்டு நின்ற அந்தப் பெண்பிள்ளை பக்கம் திரும்பியது. யாரோ கை தட்ட ஆரம்பித்தார்கள். அவள் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

மளிகைக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் முன்னால் நின்று, தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தார். "நான் அன்னைக்கே சொன்னேன் சார்" என்றார்.

"சொன்னீங்க. நான்தான் கேக்கல" என்றேன்.

டாக்டரம்மா அந்தச் சட்டையையும் விடவில்லை. அதையும் ஒரு ஹேங்கரில் மாட்டி, உள்ளே இருக்கிற பேட் தெரிகிற மாதிரி காகித ஆளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். நான் வீட்டுக்குப் பனியனோடுதான் வந்தேன். வழியெல்லாம் ஆட்கள் வணக்கம் வைத்தார்கள், எனக்கில்லை, பக்கத்தில் வந்தவளுக்கு.

மறுநாள் காலை அவள் கூடத்தில் காக்கிக் காகிதத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்தாள். போன சட்டைக்குப் பதில் இன்னொன்று வெட்ட வேண்டும். "பேட் வைக்கவா, வேண்டாமா?" என்று கேட்டாள்.

 "வை" என்றேன். ஊருக்கே தெரிந்துவிட்டது என்பதற்காகச் சட்டையை எதற்குக் கெடுப்பது?

அவள் டேப்பை எடுத்துத் தோளில் வைத்துப் பார்த்தாள். பிறகு, கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக, என் அளவை என் முகத்துக்கு நேராகச் சொன்னாள். "முக்கால் இல்லங்க இப்ப. விறைக்காம நிக்கறப்ப அதுக்கு மேல அரைக்கால் ஏறியிருக்கு."

"எழுதிக்கோ" என்றேன்.

பழைய முன் துண்டை எடுத்து, அந்தப் பட்டியலில் எழுதிக்கொண்டாள். அதற்குக் கீழே இருந்த 'சொல்ல வேண்டாம்' என்பதை அடித்துவிட்டு, பக்கத்தில் 'சொல்லியாச்சு' என்று எழுதினாள். எழுதிவிட்டு, நான் டீ போடப் போகிறேனா அல்லது அப்படியே நின்றுகொண்டிருக்கப் போகிறேனா என்று கேட்டாள்.